புதன்கிழமைப் பெயர்கள்

பிப்ரவரி மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை, கம்பெனியில் மதியச் சாப்பாட்டு வேளையில், ராக்கம்மாள் தன் பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது அந்த அறிவிப்பு வந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வானொலி நிலையத்தின் நிகழ்ச்சிகள் மாறுகின்றன. உள்ளூர் நிகழ்ச்சிகள் நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் இருக்கும். மற்ற நேரமெல்லாம் சென்னையிலிருந்து வருவதையே இங்கும் ஒலிபரப்புவார்கள். நேயர் விருப்பம் மார்ச் கடைசிப் புதனோடு முடிகிறது. அறிவிப்பாளர் அனுசுயா இதை வானிலைச் செய்தி வாசிக்கும் குரலில்தான் வாசித்தார். பிறகு ஒரு பாட்டைப் போட்டார்.

"யக்கா, ஒங்க ரேடியோவ மூடுறாகளாம்" என்றாள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நாகஜோதி. ராக்கம்மாள் தூக்குவாளியை மூடி வைத்தார். உள்ளே பாதிச் சோறு இருந்தது.

நெருப்பெரிச்சலில் வெள்ளியங்கிரி என்பவர் நடத்தும் பனியன் கம்பெனியில் ராக்கம்மாள் செக்கிங் வேலை பார்க்கிறார். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, திருப்பி, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். இருபத்து மூன்று வருடமாக இதைச் செய்கிறார். இதில் பெரிய கெட்டிக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது; அவர் பார்த்து அனுப்பியதிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று திரும்பி வரும். சூப்பர்வைசர் தங்கதுரை அதை மேஜைமேல் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். அவர் ஏதாவது சொன்னால் தேவலை என்று ராக்கம்மாளுக்கு இருக்கும்.

கமுதிப் பக்கத்திலிருந்து கணவர் தவசியோடு இங்கே வந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. மகள் அபிராமிக்கு அப்போது மூன்று வயது. தவசி சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். அவருக்குப் பாட்டுப் பைத்தியம் உண்டு; ஆனால் பாட்டைவிடத் தன் பெயர் வானொலியில் வருவதில்தான் அதிகப் பைத்தியம். ஊரில் அவர் பெயரைச் சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். இங்கே ஒருவரும் இல்லை. ஆகவே ஒரு தபால் அட்டையில் 'நெருப்பெரிச்சல்: தவசி, ராக்கம்மாள், அபிராமி' என்று எழுதி, கீழே ஒரு பாட்டின் முதல் வரியையும் எழுதிப் போட்டார். அடுத்த வாரம் ஒரு பெண் குரல் அதை வாசித்தது. அன்று முதல் வாரம் ஒரு அட்டை.

அந்த நிகழ்ச்சிக்கு ஒரு வழக்கம் இருந்தது. வந்த அட்டைகளை ஊர்ப் பெயரின் அகர வரிசையில் அடுக்கித்தான் வாசிப்பார்கள். அதனால் நெருப்பெரிச்சலை அடுத்து எப்போதும் பல்லடம் வந்தது. பல்லடத்திலிருந்து எழுதுபவர் ஒருவர்தான். 'பல்லடம் மயில்சாமி, பழனாயி.' இருபது வருடத்துக்கும் மேலாக இந்த இரண்டு வீட்டுப் பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பார்த்ததில்லை, பேசியதில்லை. ஆனாலும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வாசல்போல ஆகிவிட்டது. தவசி அவரைப் 'பல்லடத்தண்ணன்' என்பார். ராக்கம்மாளும் அப்படியே சொல்லப் பழகினார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் தவசி இறந்தார். ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்து, பதினாறாம் நாள் முடித்துவிட்டுத் திரும்பிய ராக்கம்மாள் மறுநாளே வேலைக்கு வந்தார். கம்பெனியில் எல்லாரும் ஒரு தடவை கேட்டார்கள். பிறகு ஆர்டர் அவசரம். அந்த வாரம் அவரே உட்கார்ந்து அட்டை எழுதினார். தவசி பெயரை எழுதப் போன கை நின்றது. இறந்தவர் பெயரைப் போட்டுப் பாட்டுக் கேட்பது பொய் என்று தோன்றியது. 'ராக்கம்மாள், அபிராமி' என்று மட்டும் எழுதினார்.

அனுசுயா அதை அப்படியே வாசித்தார். அதற்கடுத்த புதன்கிழமை பல்லடம் மயில்சாமி ஒரு பழைய பாட்டுக் கேட்டிருந்தார். துடுப்புப் போடுகிறவன் இல்லாமல் ஆற்றில் போகும் ஓடத்தைப் பற்றிய பாட்டு அது. ராக்கம்மாள் பனியன் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். ஒரு பெயர் குறைந்ததைக் கவனித்த மனிதர் ஒருவர் இருக்கிறார். வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து துக்கம் கேட்க முடியாதவர், தன்னால் முடிந்த வழியில் கேட்டிருக்கிறார். இப்படித்தான் ராக்கம்மாள் புரிந்துகொண்டார்.

அதன் பிறகு பாட்டுகளை வெறும் பாட்டுகளாக அவரால் கேட்க முடியவில்லை. அபிராமிக்கு மதுரையில் கல்யாணம் ஆகி, அட்டையில் ராக்கம்மாள் என்ற ஒற்றைப் பெயர் மட்டும் நின்றபோது, இரண்டு வாரம் கழித்துப் பல்லடத்திலிருந்து ஒரு கல்யாணப் பாட்டு வந்தது. பதிலுக்கு இவர் நன்றி சொல்லும் பாட்டு ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேட்டார். கொரோனா காலத்தில் கம்பெனி மூடி, ஒற்றை அறையில் ராக்கம்மாள் தனியாகக் கிடந்தபோது, பல்லடத்திலிருந்து விடியலைப் பற்றிய பாட்டு வந்தது.

நாகஜோதிக்கு இதில் விளையாட்டு உண்டு. சாத்தூர்க்காரி, வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, இன்னைக்கு ஒங்க அண்ணன் என்ன சேதி அனுப்பிருக்காக?"

"ஏய், பேசாம சாப்புடு."

"மழப் பாட்டுக் கேட்டுருக்காக. பல்லடத்துல மழையாம். கொடை எடுத்துட்டு ஓடுங்க!"

ராக்கம்மாள் சிரித்துவிட்டுப் போவார். ஆனால் அன்று உண்மையிலேயே பல்லடத்தில் மழை பெய்ததா என்று அந்தப் பக்கம் போய்வரும் டெம்போ டிரைவரிடம் விசாரிப்பார்.

அறிவிப்பு வந்த அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தார். அபிராமி எடுத்தவுடன், "அதுக்கு ஏம்மா இம்புட்டு வருத்தம்? போன்லயே எல்லாப் பாட்டும் இருக்கே. நான் போட்டுத் தாரேன்" என்றாள்.

"பாட்டு கெடைக்கும் தாயி" என்றார் ராக்கம்மாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மார்ச் முடிந்தால் பல்லடத்தண்ணன் இருக்கிறாரா இல்லையா என்றுகூட இவருக்குத் தெரியாது. இவர் இருப்பதும் அவருக்குத் தெரியாது. அந்த ஓடப் பாட்டுக்கு இதுவரை ஒரு வார்த்தை நேரில் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கையில் இருப்பது ஐந்து வாரம்.

மறுநாள் நிலையத்துக்குப் போன் செய்தார். அனுசுயாவே எடுத்தார். பெயர் சொன்னதும், "நெருப்பெரிச்சல் ராக்கம்மாளா? உங்க கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும்மா" என்றார். பத்தொன்பது வருடமாக அவர் அங்கே தற்காலிக அறிவிப்பாளர். வாரம் அறுநூறு அட்டை வந்த இடத்தில் இப்போது முப்பதுதான் வருகிறது, அதனால் நிலையத்தாரைக் குறை சொல்ல முடியவில்லை என்றார். ஏப்ரலுக்குப் பிறகு தனக்கு என்ன வேலை என்று தெரியவில்லை என்பதையும் போகிற போக்கில் சொன்னார்.

"பல்லடத்தண்ணன் அட்ரஸ் வேணும்மா. ஒரு தடவ பாக்கணும்."

"முகவரி யாருக்கும் தரக் கூடாதும்மா. வேணும்னா நிகழ்ச்சியில சொல்றேன். அவங்க கேட்டுட்டு உங்களுக்குப் போன் பண்ணட்டும்."

அடுத்த புதனன்று அனுசுயா சொன்னார்: "பல்லடம் மயில்சாமி அவர்களே, உங்களைச் சந்திக்க நெருப்பெரிச்சல் ராக்கம்மாள் விரும்புகிறார். நிலையத்தைத் தொடர்பு கொள்ளுங்கள்." யாரும் தொடர்பு கொள்ளவில்லை. அதற்கடுத்த வாரமும் சொன்னார். அன்று பல்லடத்து அட்டை வந்திருந்தது. அதில் வழக்கம்போல ஒரு பாட்டுக் கேட்டிருந்தார். வேறு ஒரு சொல் இல்லை.

"கேட்டுருப்பாக, பயந்துருப்பாக" என்றாள் நாகஜோதி. "யாரோ ஒரு பொம்பள பாக்கணும்னு ரேடியோவுல சொன்னா, வீட்டுல இருக்க பழனாயி வெளக்கமாத்த எடுக்காதா?"

இந்தத் தடவை ராக்கம்மாள் சிரிக்கவில்லை. அன்று அவர் பார்த்து அனுப்பியதில் பதினோரு பீஸ் திரும்பி வந்தது. ஒருவருக்குத் தன்னைப் பார்க்க விருப்பமில்லை என்றால் அது அவர் உரிமை. ஆனால் இத்தனை வருடம் துக்கத்துக்கும் நல்லதுக்கும் வந்த மனிதர், கடைசியில் ஒரு போன்கூடச் செய்யாமல் இருப்பாரா? ராத்திரி முழுதும் யோசித்தும் அது அவருக்குப் பிடிபடவில்லை. மறுபடி அனுசுயாவைக் கூப்பிட்டார்.

அனுசுயா கொஞ்சம் தயங்கினார். "முகவரி சொல்ல மாட்டேன்மா. அட்டைமேல தபால் முத்திரை இருக்கு. அதுல எந்த ஊர்னு இருக்குன்னு சொன்னா அது முகவரி ஆகாதுன்னு நெனைக்கிறேன்" என்று சொல்லி, பல்லடத்துக்குத் தெற்கே இருக்கும் ஒரு சிற்றூரின் பெயரைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ராக்கம்மாள் கிளம்பினார். கையில் ஒரு பொட்டலம் மிக்சர், ஒரு சீப்பு வாழைப்பழம், கம்பெனியிலேயே விலைக்கு வாங்கிய இரண்டு வெள்ளைப் பனியன். அளவு தெரியாததால் பெரிதாகவே எடுத்திருந்தார். அவர் மனதில் பல்லடத்தண்ணன் ஆகிருதியான ஆள். அந்த இரண்டு பனியனையும் மூன்று தடவை விரித்துப் பார்த்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு கவனமாகச் செக் செய்த பீஸ் வேறு இல்லை.

பல்லடத்தில் இறங்கி டவுன் பஸ் மாறி அந்த ஊரில் இறங்கியபோது முதலில் காதில் விழுந்தது தறிச் சத்தம். தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறி ஷெட்டுகள். ஞாயிறு என்று அவை நிற்கவில்லை. பனியன் கம்பெனியில் ஒரு மணியானால் எல்லா மெஷினும் நின்றுவிடும். அந்த அமைதியில்தான் ராக்கம்மாள் இத்தனை வருடம் வானொலி கேட்டார். இங்கே அப்படி ஒரு மணி உண்டா என்று நினைத்துக்கொண்டே பேக்கரிக்காரரிடம் விசாரித்தார்.

"எந்த மயில்சாமிங்க? தண்ணி டேங்க் மயில்சாமியா, கோழித்தீவன மயில்சாமியா, செவுட்டு மயில்சாமியா?"

"ரேடியோவுக்குக் கார்டு போடுவாகளே, அவுக."

"ரேடியோவுக்கா?" அவர் டீ ஆற்றுவதை நிறுத்தி யோசித்தார். "வாராவாரம் போஸ்ட் பொட்டிக்கு வர்றவரு ஒருத்தருதானுங்க. செவுட்டு மயில்சாமி. அந்தா, பச்சைக் கேட்டுக்குப் பக்கத்து ஊடுங்க."

ஆள் மாறிச் சொல்கிறார் என்றுதான் ராக்கம்மாள் நினைத்தார். இருந்தாலும் நடந்தார்.

வாசலில் ஒரு அம்மாள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். ராக்கம்மாள் தன் ஊரும் பெயரும் சொல்லி மயில்சாமியைக் கேட்டதும் அவர் எழுந்து நின்று, தலைமுதல் கால்வரை ஒரு தடவை பார்த்தார்.

"நெருப்பெரிச்சலுங்களா? எங்கூட்டுக்காரருக்கு அங்க யாருங்க பழக்கம்?"

"பழக்கமெல்லாம் இல்லங்கம்மா. ரேடியோவுல எங்க பேருக்கு அடுத்தாப்புல ஒங்க பேரு வரும். நீங்கதான பழனாயி?"

அந்த அம்மாளின் முகம் மெல்ல இளகியது. "அட சாமி! வாங்க, உள்ளார வாங்க. அதுக்காக இத்தனை தூரம் வந்தீங்களா?"

மயில்சாமி உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். கொண்டுவந்த பனியனில் இவரைப்போல் இரண்டு பேர் நுழையலாம். ராக்கம்மாள் கும்பிட்டு, "அண்ணே, நல்லாருக்கீகளா?" என்றார். அவர் சிரித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார்.

"காது கேக்காதுங்க" என்றார் பழனாயி. "முப்பத்தஞ்சு வருசம் தறி ஓட்டுனாருங்க. கொஞ்சங் கொஞ்சமா மந்தமாச்சு, அப்புறம் ஒரே வருசத்துல சுத்தமாப் போயிருச்சு. அதாச்சுங்க, பத்துப் பன்னெண்டு வருசம்."

ராக்கம்மாள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "அப்ப ரேடியோ?"

"அதா இருக்குதுங்க." அலமாரியில் துணி மூடிய பெட்டி ஒன்று இருந்தது. "பொதங்கெழமையானா, பேரு வந்துதான்னு கேப்பாரு. நான் எங்கீங்க கேக்கறது? காலையில கோழிப்பண்ணைக்குப் போனா பொழுது சாயத்தான் வருவனுங்க. வந்துதுன்னு தலையாட்டிப்போடுவேன். மனுசனுக்கு அது ஒண்ணுதானுங்க."

"பாட்டு எப்படிப் பாத்து எழுதுறாக?"

பழனாயி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தடித்த பழைய பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு பாட்டின் ஓரத்திலும் பேனாவால் ஒரு கோடு. "வரிசையா எழுதுவாருங்க. ஒரு பக்கம் முடிஞ்சா மறு பக்கம். கடேசிக்குப் போயிட்டா மறுக்கா மொதல்ல இருந்து."

ராக்கம்மாள் பக்கங்களைப் புரட்டினார். ஓடப் பாட்டு இருந்தது. அதற்கு மேலே ஒரு முருகன் பாட்டு, கீழே ஒரு கிண்டல் பாட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கோடு. கல்யாணப் பாட்டு நாலு பக்கம் தள்ளி இருந்தது. எங்கே குறை என்று தேடிப் பழகிய கண்கள் அவருடையவை. அந்தப் புத்தகத்தில் குறை ஒன்றும் இல்லை. அதில் அவருக்கென்று எதுவுமே இல்லை, அவ்வளவுதான்.

மயில்சாமி, யார் இது என்று கையால் கேட்டார். பழனாயிக்கு எழுதத் தெரியாது. கட்டிலில் வெற்றுத் தபால் அட்டைகள் கிடந்தன. ராக்கம்மாள் ஒன்றை எடுத்து 'நெருப்பெரிச்சல் ராக்கம்மாள்' என்று எழுதி நீட்டினார்.

அவர் படித்தார். படித்ததும் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். தறிக்காரர்களுக்கே உரிய உரத்த குரலில், வெளியே ஷெட்டுவரை கேட்கும்படி சொன்னார்: "நெருப்பெரிச்சல் தவசி, ராக்கம்மாள், அபிராமி! எங்களுக்கு முந்துன கார்டுங்க! பழனாயி, நம்ம முந்துன கார்டு!"

அனுசுயா வாசிக்கும் அதே இழுப்பில் சொன்னார். பிறகு ராக்கம்மாளுக்குப் பின்னால், வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தவசி அண்ணன் சவுக்கியமுங்களா? கூட்டிட்டு வரலீங்களா?"

ராக்கம்மாள் கையில் பேனா இருந்தது. அட்டையில் இடமும் இருந்தது. இரண்டு சொல் எழுதினால் போதும். அவர் அந்த முகத்தைப் பார்த்தார். உலகத்தில் ஒரே ஒரு வீட்டில், ஒரே ஒரு மனிதரின் தலைக்குள், தவசி இன்னும் உயிரோடு இருந்தார். சாயப்பட்டறைக்குப் போய்க்கொண்டு, வாராவாரம் அட்டை எழுதிக்கொண்டு.

சவுக்கியம் என்று தலையாட்டினார்.

"புள்ளை? பள்ளிக்கூடம் போகுதுங்களா?"

அதற்கும் தலையாட்டினார்.

பழனாயி மோர் கொடுத்தார். மயில்சாமி பனியனை உடனே போட்டுப் பார்த்தார். அது முழங்கால்வரை தொங்கியது. "அண்ணன் அளவுங்களா?" என்று சத்தமாகக் கேட்டுச் சிரித்தார். மூவருமே சிரித்தார்கள். நன்றி சொல்ல வந்த விஷயத்தை ராக்கம்மாள் சொல்லவில்லை. சொல்ல அப்படி ஒரு விஷயமே நடந்திருக்கவில்லை.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது பழனாயியிடம் மெதுவாகச் சொன்னார். "அம்மா, இந்த மாசத்தோட அந்த நிகழ்ச்சிய நிறுத்துறாக. இனிமே யாரு பேரும் வாசிக்க மாட்டாக. அண்ணனுக்கு எப்படிச் சொல்லுவீக?"

பழனாயி உள்ளே திரும்பிப் பார்த்தார். மயில்சாமி கட்டிலில் குனிந்து அடுத்த அட்டையை எழுதத் தொடங்கியிருந்தார்.

"அதேனுங்க சொல்லோணும்? எழுதட்டும்" என்றார் பழனாயி. "வந்துதுன்னு சொல்றதுக்கு ரேடியோ எதுக்குங்க?"

திரும்பும் பஸ்ஸில் ராக்கம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவருக்கு மயில்சாமிமேல் கோபம் வரவில்லை. தன்மேல்தான் கொஞ்சம் வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. ஒன்பது வருடம் ஒரு சுவரோடு பேசியிருக்கிறார். ஆனால் அந்தச் சுவர் பதில் சொல்கிறது என்று நம்பியதால்தான் பல புதன்கிழமைகளைத் தாண்ட முடிந்தது. அதைப் பொய் என்று ஒதுக்குவதா, மருந்து என்று வைத்துக்கொள்வதா? அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இருப்பதாகவும் தோன்றவில்லை. ஒன்று மட்டும் உறுதி. தவசி செத்தபோது துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர், இன்று குறைந்துவிட்டார்.

அதற்கடுத்த வாரம் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் அவர் கடைசி அட்டையைப் பெட்டியில் போட்டார்.

மார்ச் கடைசிப் புதன். சேதி பரவி, பல வருடங்களுக்குப் பிறகு நானூறு அட்டை வந்துவிட்டதாக அனுசுயா சொன்னார். எல்லாப் பாட்டையும் போட நேரமில்லை. அதனால் பெயர்களை மட்டும் வாசிக்கிறேன் என்றார். அகர வரிசையில் வாசித்துக்கொண்டே வந்தார். கம்பெனியில் அன்று யாரும் தட்டைக் கழுவ எழுந்திருக்கவில்லை. தங்கதுரைகூட ஒரு பனியன் கட்டின்மேல் உட்கார்ந்து கேட்டார்.

"நெருப்பெரிச்சலிலிருந்து..." என்ற குரல் ஒரு நொடி நின்றது. அந்தக் கையெழுத்தை அறிந்தவர். அதில் ஒரு பெயர் ஒன்பது வருடமாக வராமல் போனதையும் கவனித்திருக்கக் கூடியவர். பிறகு, இருப்பதை இருப்பதுபோல வாசித்தார். "தவசி, ராக்கம்மாள், அபிராமி."

நாகஜோதி சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். "யக்கா... அண்ணன் பேரு?"

"பல்லடத்தண்ணன், அவுக சவுக்கியமான்னு விசாரிச்சாக" என்றார் ராக்கம்மாள்.

"அதுக்கு?"

"சவுக்கியம்னு சொல்லிட்டேன்டி."

நாகஜோதி தட்டைத் தள்ளி வைத்தாள். அதற்குள், "பல்லடம் மயில்சாமி, பழனாயி" என்றது வானொலி. ராக்கம்மாள் அதைத் தலை சாய்த்துக் கேட்டார். அந்தப் பெயருக்கு உரியவரை அறிந்து அதைக் கேட்டவர் அன்று அவர் ஒருவர்தான். பெயர்கள் வகரத்தைத் தொடுவதற்குள் மணி இரண்டாகிவிட்டது. மெஷின்கள் ஓடத் தொடங்கின. அனுசுயா கடைசியாக என்ன சொல்லி விடைபெற்றார் என்பது யாருக்கும் கேட்கவில்லை.

ஏப்ரல் முதல் புதன்கிழமை, பழக்கத்தில், ஒரு மணிக்குத் தங்கதுரை வானொலியைப் போட்டார். சென்னையிலிருந்து ஒருவர் முதுகுவலிக்கு எப்படி உட்கார வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து யாரோ அதை நிறுத்தினார்கள். ராக்கம்மாள் தூக்குவாளியைத் திறந்து, சோறு முழுவதையும் சாப்பிட்டார். பொழுது சாயும் நேரத்தில், பல்லடத்துக்குத் தெற்கே, கோழிப்பண்ணையிலிருந்து வந்த பழனாயி கால் கழுவிவிட்டு உள்ளே போய், கேள்வியோடு நிமிரும் முகத்தைப் பார்த்து, வந்தது என்று தலையாட்டியிருப்பார்.